வெண்ணந்தூரிலிருந்து சேலம்: கழுத்து அறுவை சிகிச்சைக்குப் போன 25 கிலோமீட்டர்

இந்தப் பக்கத்தில் இதுவரை லாரி ஓட்டிப் போன ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது நான் ஓட்டாத பயணம். ஐந்து வருடமாகக் கழுத்திலும் வலது தோளிலும் வலி. மாத்திரை போட்டுக்கொண்டே நாக்பூர் வரை போய் வந்தவன் நான். ஐப்பசியில் ஒருநாள் கியர் மாற்றக் கை எழவில்லை. அப்போதுதான் சேலம் போக ஒப்புக்கொண்டேன். சின்னத் துளை போட்டுச் செய்வார்கள், மறுநாளே வீடு திரும்பலாம் என்று அங்கே மருத்துவமனையில் ஃபோனில் சொல்லியிருந்தார்கள்.

பஸ் குலுக்கல் தாங்காது என்று என் மனைவி செல்வி வாடகைக் கார் பேசினாள். போக மட்டும் 1,200 ரூபாய். காலை 6.10க்குக் கிளம்பினோம். ஆட்டையாம்பட்டி வழியாகப் போனால் 25 கிலோமீட்டர்தான். ஆனால் எத்தனை வேகத்தடை! லாரியில் இருந்தபோது நான் எண்ணியதே இல்லை.

"ஏனுங்க, கழுத்துங்களா? மெதுவாவே போறனுங்க," என்றார் டிரைவர்.

சொன்னபடியே வந்தார். ஒவ்வொரு மேட்டிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. 7.05க்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம்.

ஸ்கேன் முடிந்து டாக்டரம்மாவைப் பார்க்க மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"சட்டை பட்டன் போட முடியுதுங்களா?"

"ரெண்டு மாசமாத்தான் கொஞ்சம் சிரமமுங்க."

செல்வி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பொய்யுங்க டாக்டர். போன பொங்கலுக்கு முந்தியே நாந்தான் போட்டு உடறேன்."

டாக்டரம்மா படத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "நரம்பை அழுத்தற துண்டை எடுத்துடலாம். தோள்வலி போயிடும். ஆனா தண்டுவடமும் ரொம்ப நாளா அழுந்தியிருக்கு. இதுக்கு மேல மோசமாகாமப் பார்த்துக்கலாம். போன பலம் திரும்புமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார்.

"லாரி ஓட்டலாமுங்களா?"

"வேண்டாங்க. இனி வேண்டாம்."

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. கண் விழித்தபோது தோளில் வலி இல்லை. ஐந்து வருடத்தில் முதல்முறை. கழுத்தின் பின்னால் கட்டைவிரல் நகமளவு பிளாஸ்திரி, அவ்வளவுதான். வலி இல்லாத உடம்பு யாருடையதோ போல் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கையெழுத்துக் கேட்டார்கள். பேனா விரலில் நிற்கவில்லை. நர்ஸ் மைப்பெட்டியை நகர்த்தினார். பத்தொன்பது வருடம் மாநிலம் மாநிலமாகச் சோதனைச் சாவடிகளில் கையெழுத்துப் போட்டவன் கைநாட்டு வைத்தேன்.

வீடு வந்து சேர்ந்த அன்று மாலை லாரி ஓனர் கூப்பிட்டார். எப்போது வண்டி எடுப்பேன் என்று கேட்டிருக்கிறார். செல்விதான் பேசினாள். "இனி வரமாட்டாருங்க. வேற ஆள் பாத்துக்குங்க." நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். பழைய ஸ்கேன், எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காரில் பின் சீட்டில் சாய்ந்து, கழுத்துக்கு இருபுறமும் துண்டைச் சுருட்டி வையுங்கள். சிகிச்சைச் செலவை நான் எழுதவில்லை, இடத்துக்கு இடம் மாறும். டாக்டரிடம் மாதக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். முக்கியமாக, வலியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், அடுத்த லோடு வேண்டாம், அன்றைக்கே போங்கள். நான் பயந்து தள்ளிப்போட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. இதை இடது கையின் ஒரு விரலால் நான்கு நாளாகத் தட்டினேன். இனி என்ன வேலை செய்வீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.