ராத்தா மகளின் பசி

நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வரிசையில் நின்ற, ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் சின்ன மகள்தான் முதலில் நினைவுக்கு வருகிறாள். ஆறேழு வயதிருக்கும். கஞ்சியை வாங்கியதும் மதிலுக்குப் பின்னால் போய்ச் சூடு பாராமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். ஊற்றிக்கொண்டிருந்தவர், "குவைத்துக் காசு உடம்புல தெரியுதே, இன்னும் பத்தலையா?" என்றார். வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள், வாளியை மட்டும் இறக்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்ட நான் பம்பாய் ஓட்டல், லாரி, சிங்கப்பூர்க் கட்டட வேலை என்று அலைந்துவிட்டு, அடுத்த விசா வரும்வரை நீடாமங்கலம் பக்கம் ராத்தா வீட்டில் தங்கியிருந்த காலம் அது. மச்சான் குவைத்தில் இருந்தார். அவர் அனுப்பிய பால்மாவு டின்னால்தான் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று முதலில் ஊரே மெச்சியது. அதே ஊர்தான் பிறகு ராத்தாவைக் குற்றம் சொன்னது. மூத்தவளும் அதே பால்மாவைக் குடித்துத்தான் ஒல்லியாக இருந்தாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

சின்னவள் ஊறவைத்த விதைநெல்லைத் தின்றாள், கோழிக்கு வைத்த தவிட்டை அள்ளினாள். ராத்தா சமையலறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்டுக்குக் காவல் இருக்கவேண்டியிருந்ததால் கல்யாணம், கந்தூரி எதற்கும் அவள் போவதில்லை. கதவுக்கு வெளியே பிள்ளை "பசிக்குதும்மா" என்பாள். "இப்பதானே தின்னே, பொய் சொல்லாதடி" என்பாள் ராத்தா. அடியும் விழும். பிறகு ராத்தாவும் சாப்பிடாமல் படுத்துவிடுவாள்.

தாயத்து, ஓதிய தண்ணீர் எல்லாம் ஆனபின் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். ரத்தத்தை எங்கோ அனுப்பிச் சோதித்தார்கள். மறுமுறை போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டது, புருஷன் சொந்தமா என்று. "எங்க அத்தாவோட கூடப்பிறந்த மாமி மகன்தாங்க" என்றாள் ராத்தா, கொஞ்சம் பெருமையாகவே. அப்பாவின் கூடப்பிறந்தவள் மகன். எங்களில் நிலமும் பெண்ணும் குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பிலுள்ள கொழுப்பே ஒரு ஹார்மோனைச் சுரந்து, போதும் என்று மூளைக்குத் தகவல் சொல்லுமாம். இவள் உடம்பில் அது சுரக்கவே இல்லை. அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். ஒன்று சரியாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். இவளுக்கு இரண்டும் பழுது. ஒரே குடும்பத்துக்குள் கட்டும்போது அப்படி அமைய வாய்ப்பு அதிகம். எவ்வளவு தின்றாலும் இவள் மூளைக்குப் பட்டினிதான். அந்த ஹார்மோன் ஊசி வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே இன்னும் வரவில்லை, வரும்வரை சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்றார். இன்றும் எந்த ஊர் மெஸ்ஸிலாவது போதும் என்று இலையை மூடும்போது எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வந்துவிடும்.

திரும்பும் பஸ்ஸில் சின்னவள் கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்லலைதானேம்மா?"

பூத்திலிருந்து மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னோம். எங்கள் வம்சத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, உங்கள் பக்கம் விசாரியுங்கள் என்று வைத்துவிட்டார். இரண்டும் ஒரே வம்சம் என்பது அவருக்கு அப்போது மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் ராத்தா சமைத்து, அளந்து போட்டு, மறுபடியும் பூட்டினாள். வேறு வழியில்லை. பிள்ளை தட்டை வழித்துவிட்டுக் கதவோரம் வந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

"தெரியும்டி" என்றாள் ராத்தா. கதவைத் திறக்கவில்லை. பிள்ளை பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.