சிக்னல் இல்லையாம்!

“அது பொய் சொல்லுது சார்” என்றார் வயர் அக்கா. வாயின் இடது ஓரத்தில் இரண்டு திருகாணிகள். திருகாணியைக் கடித்துக்கொண்டே சண்டை போடுவது அவருக்குக் கைவந்த கலை. கோபம் ஏற ஏற அவை இடமிருந்து வலத்துக்கு நகருமே தவிர, கீழே விழாது.

“எது பொய் சொல்லுது?” என்றார் மேனேஜர்.

“இந்த ஸ்கிரீன்தான். சிக்னல் இல்லைங்குது பாருங்க. சிக்னல் இருக்கு. இவனுக்குப் புரியல. புரியலைன்னா புரியலைன்னு சொல்லணும். இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றதா? என்னா திமிரு!”

“ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி எந்தக் காலத்துது! எப்பவோ செத்திருக்கும்.”

“செத்ததா? மேல கையை வச்சுப் பாருங்க, சுடுது.”

மேனேஜர் கையை வைக்கவில்லை. “சூடு இருந்துட்டுப் போகட்டும். நான்தான் வீடியோ குடுத்திருக்கேனே. பென்டிரைவைச் சொருகினா ஸ்கிரீன்ல அதுபாட்டுக்கு ஓடப்போகுது. யாரு வந்து தட்டிப் பாக்கப் போறாங்க?”

“தட்டலைன்னா எதுக்கு சார் அதுக்கு இத்தனை பட்டன்?”

இந்தப் பேச்சு நடந்தது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வரவேற்பறையில். முதலாளி பள்ளிக்கூடப் பருவத்தில் தன் வீட்டில் வைத்துப் பழகிய கணினியை ஒரு மேடையில் வைத்து, அதன் பின்சுவரில் பெரிய தட்டைத் திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் வயர் அக்கா. மேடைக்கு முன்னால் நிற்கவேண்டிய அறிமுகப் பலகைக்கு இரண்டு மொழிகளில் வாசகம் எழுதித் தர வந்த பெண், ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கிற ரகம் இல்லை. காதை மூடிக்கொள்கிற ரகமும் இல்லை. மேனேஜர் சொல்லி அவள் எழுதியிருந்த கடைசி வரி: ‘இக்கணினி இன்றும் இயங்குகிறது.’

வயர் அக்காவுக்கு அந்த வரியின்மேல் ஒரு கண். ஏணியில் ஏறும்போதெல்லாம் அதைச் சத்தம்போட்டுப் படிப்பார். “எழுதியாச்சு. இனிமே இயங்கியே ஆகணும்.”

கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மருத்துவமனைக் கூடங்களிலும் திரை மாட்டுவது அவர் தொழில். இடது கையில் வளையல் போடுகிற இடத்தில் கறுப்பு டேப் உருளை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார். இறக்கியதும் வேனுக்குள்ளேயே தூங்கிவிடுவார். “எழுப்பாதீங்க. எழுந்தா யோசனை சொல்ல ஆரம்பிச்சிருவாரு” என்பார் அக்கா.

எல்லாப் பொருளுக்கும் அவரிடம் ஓர் உறவுமுறை உண்டு. தட்டைத் திரைக்குப் பெயர் மாப்பிள்ளை. “பளபளன்னு இருப்பான். எதைப் பரிமாறினாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவான்.” அந்தப் பழைய கணினிக்குச் சொந்தமாகத் திரை கிடையாது. தட்டுகிற பலகைக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடக்கம். வீட்டு டிவியின் ஏரியல் துளையில் வயரைச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் பிடித்தால் அதில் படம் விழும். அந்தக் காலத்துக் குண்டு டிவி, படம் ஆடினாலும் மங்கினாலும் வந்ததைக் காட்டிவிடும். புதுத் திரைக்கு எல்லாம் அதன் கணக்குப்படி வரவேண்டும். இம்மி பிசகினாலும் ஒரு கணம் மின்னிவிட்டு, நீலமாகி, ‘சிக்னல் இல்லை’ என்று எழுதிவிடும். “ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தரகரை விடணும்” என்று அக்கா ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். பழைய படத்தை வாங்கிப் புதுத் திரைக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது.

தரகர் வந்த பிறகும் சிக்னல் இல்லை. அன்று முழுக்க அக்கா மாப்பிள்ளையைத் திட்டியதில் பாதி அநியாயம் என்றுதான் சொல்லவேண்டும். படத்துக்கான வயரை ஒலிக்கான துளையில் சொருகியிருந்தவர் அவரேதான். மாலையில் அதைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் அசடு வழியவில்லை. “திட்டினது இருக்கட்டும். நாளைக்குத் தேவைப்படும்.”

வயரை மாற்றியதும் படம் வந்துவிட்டது. வெள்ளைப் பரப்பில் ‘தயார்’ என்று ஒரு சொல், அதன் கீழே கண் சிமிட்டும் ஒரு குட்டிக் கட்டம். அக்கா முதல்முறையாகத் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்தார். தான் எழுதிய வரி உண்மையாகிவிட்டதைப் பார்த்து, ஓரத்து நாற்காலியில் இருந்தவளுக்கும் மனசு லேசானது.

மேனேஜருக்கு மட்டும் லேசாகவில்லை. “ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை விழுதே. இவ்வளவு பெரிய ஸ்கிரீன் வாங்கி வீணாகுதே. இழுத்து விடும்மா.”

“இழுத்தா வட்டம் முட்டையாயிடும் சார்.”

“ஆகட்டுமே.”

“வட்டம் வட்டமா இருக்கணுமா வேண்டாமா? எங்க வீட்லயும் இதே கூத்துதான். எங்க மாமியார் டிவியை இழுத்து வச்சுத்தான் பாப்பாங்க. கேட்டா, எல்லாரும் கொஞ்சம் பூசினாப்ல லட்சணமா இருக்காங்களாம். அவங்க வீட்ல உக்காந்து பாக்கிறாங்க, பாத்துட்டுப் போகட்டும். நீங்க ஊருக்கே காட்டப்போறீங்க!”

கறுப்புப் பட்டைகள் அப்படியே நின்றன.

திறப்பு விழாவன்று முதலாளியின் அக்கா வந்திருந்தார். பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு நேராக மேடைக்குப் போய், ஒற்றை விரலால் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கணினி யோசிக்கவே இல்லை. ‘பிழை’ என்றது. “பாருடா, என் பேரே தப்புங்குது இது!” என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்தவர் தன் பெயரைத் தட்டினார். அதுவும் பிழை. வரிசை சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வயர் அக்கா கிளம்பினார். கூட்டத்தில் வியர்த்துப்போய் நின்றவர் மேனேஜர் ஒருவர்தான்.

விருந்தினர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் திரை முழுக்கப் பச்சை எழுத்துகள் மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தன. மேனேஜரின் வீடியோ!

மறுநாள் ஏணியை எடுக்க வந்த வயர் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இந்த மெஷினுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், பச்சையே தெரியாது சார்! இது என் மெஷின் இல்ல.”

“உன் மெஷினா? முதலாளி முன்னாடி, வந்தவங்க முன்னாடி, பிழை பிழைன்னு காட்டுதும்மா. கம்பெனிக்கு எவ்வளவு அசிங்கம்!”

“தப்பா தட்டினா தப்புன்னு சொல்லுது. உயிரோட இருக்குன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நேத்து எல்லாரும் சிரிச்சாங்களே, பாக்கலையா? உங்க வீடியோவைப் பாத்து யாராவது சிரிச்சாங்களா?”

“மேல மாடியில மாட்ட வேண்டிய ஸ்கிரீன் இன்னும் நிறைய இருக்கு. அது உனக்கு வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.”

வயர் அக்காவின் வாயில் திருகாணிகள் வலது ஓரத்துக்கே போய்விட்டிருந்தன. மேனேஜர் தரகர் பெட்டியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நேரத்தில் ஒரு கூரியர்காரர் வந்தார். கையெழுத்துக்குக் காத்திருந்தவர், மேடைக்கு முன்னால் இருந்த அறிமுக வாசகத்தைப் படித்துவிட்டு, ஆசையாகக் கணினியில் ஒரு பட்டனைத் தட்டினார். பச்சை மழை பாட்டுக்குக் கொட்டியது. இன்னொன்றைத் தட்டினார். பிறகு எதையோ கெடுத்துவிட்டவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “சாரிம்மா, தெரியாம தொட்டுட்டேன்” என்றார்.

“நீங்க ஒண்ணும் பண்ணலைண்ணே” என்றார் வயர் அக்கா. கூரியர்காரர் போனதும் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார். “பாத்தியா? ஏமாத்தினது இவங்க. மன்னிப்பு கேக்குறது அந்த மனுஷன். இது எந்த ஊரு நியாயம்?”

ஓரத்தில் இருந்தவள் தலையை மட்டும் அசைத்தாள். மேடைக்கு முன்னால் இருந்தது தற்காலிக அட்டை. பித்தளையில் பொறிக்க வேண்டிய வாசகம் அவள் மடிக்கணினியில் திறந்திருந்தது. அன்றே அனுப்பியாக வேண்டும்.

அக்கா மேடைக்கு அடியில் குனிந்து கணினியின் வயரை வெளியே இழுத்தார். எங்கேயும் சொருகப்படாத அதன் நுனியைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வாயிலிருந்து இரண்டு திருகாணிகளையும் எடுத்தார்.

“ஏம்மா, உங்க மேனேஜர் நீ எழுதுற ரெண்டையும் படிப்பாரா?”

“இல்லக்கா. மேல இருக்கிற இங்கிலீஷை மட்டும்தான். தமிழ் பேசுவாரு, படிக்க வராது.”

அக்கா ஒரு முறை உள்ளறைக் கதவைப் பார்த்தார். அவள் அருகில் குனிந்து, சண்டைக்காரக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“ரெண்டு மொழி படிச்சவதானே நீ. ஒண்ணுலயாவது உண்மையை எழுதிடேன்.”