இறகு போட்டது யார்?

என் வீட்டுக்காரருக்குப் பறவையின் கண்ணும் அலகும் காலும் அச்சாக வரும். இறகு வராது. இறகு போட்டதெல்லாம் நான்தான். இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஆனாலும் சொல்லாமல் வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரர் காலம். கொல்லிமலைப் பறவைகளைப் படத்தோடு புத்தகமாகப் போட வேண்டுமென்று ஒரு துரை செம்மேட்டில் வந்து தங்கியிருந்தார். படம் எழுத இவரை வைத்துக்கொண்டார். துரை துப்பாக்கியால் சுட்ட பறவையைத் துணியில் சுற்றி இவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். செத்தால் கண்ணின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும், அதனால் முதலில் கண்ணை எழுதுவார். பிறகு உடம்புக்குக் கோடு இழுத்துவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார். நான் அடுப்பு வேலையை முடித்து, கிளிஞ்சலில் வண்ணம் குழைத்து, அணில் முடித் தூரிகையால் இறகு இறகாகப் போடுவேன். பாராட்டெல்லாம் இவருக்கு. ஒரு நாளாவது என் பேரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஆசை வெட்கம் அறியாது.

ஒருமுறை துரைசாணி, படம் எழுதுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றாளாம். இவரைப் பங்களாவில் உட்கார வைத்து, பச்சை இறக்கைக் காட்டுப்புறா ஒன்றை முன்னால் கிடத்தினார்கள். நான் மத்தியானக் கஞ்சியோடு போய் வராந்தாவில் நின்றேன். கண் ஆயிற்று, அலகு ஆயிற்று, கால் ஆயிற்று. இறக்கையில் கை வைத்ததும் படத்துப் புறா பாசி பிடித்த கல்லாகிவிட்டது.

துரை தமிழ் நன்றாகப் பேசுவார். "மற்ற படங்களுக்கு இறகு போட்டது யார்?" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிடுங்க சாமி, சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சேலத்துல ஒருத்தருங்க. அவருகிட்டக் குடுத்துப் போட்டு வாங்குவேனுங்க."

அங்கேயே வேலை போயிற்று. மூட்டையோடு மலையிறங்கும்போது கேட்டேன்: "ஏனுங்க, நான்னு சொல்லியிருந்தா வேலையாவது தங்கியிருக்குமில்லீங்க?"

"பொண்டாட்டி கையில பொழைக்கறவன்னு ஊரு சிரிக்கோணுமா?" என்றார்.

அவருக்கு வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. பிறக்கவே பிறக்காத ஒரு ஆம்பிளைக்கு என் இறகுகளையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டார், பாவி மனுஷன்.

பிழைக்க வழியில்லாமல் சேலத்துக்கே வந்து சேர்ந்தோம். இறகு போடும் அந்த ஆளைக் கையோடு கூட்டிவரச் சொல்லித் துரை அனுப்பிய ஆட்கள் வந்து கடைகடையாக விசாரித்துவிட்டுப் போனார்களாம். அப்போது நான் அதே தெருவில், ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.