பெரியதாழைக் கரையில் இரண்டு உள்சட்டைகள்

மலையேற்றத்துக்கு உள்ளே உடுத்த மெல்லிய செயற்கை இழைச் சட்டை நல்லதா, தடித்ததா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு விடை தெரிந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், மலையே இல்லாத கடற்கரையில்.

அப்போது தூத்துக்குடி கப்பல் ஏஜென்சி ஒன்றில் எனக்கு எழுத்தர் வேலை. நண்பன் லூர்து சரக்குக் கப்பல் மாலுமி, விடுப்பில் வந்திருந்தான். தை மாதம் பொதிகை ஏறுவதாகத் திட்டம். ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய இரண்டு முழுக்கை உள்சட்டைகளைக் கொண்டுவந்தான். ஒன்று வெங்காயத் தோல் போன்ற நைலான். மற்றது கம்பளி மாதிரியான தடித்த அக்ரிலிக். மளிகைக்கடைத் தராசில் வைத்தோம்: நைலான் 150 கிராம், அக்ரிலிக் 320. “சட்டைய நிறுக்க வந்த முத ஆளுவ நீங்கதான்” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

மழையில் நடந்து பார்த்துவிடுவோம் என்று காலை 5.45 பஸ்ஸில் திருச்செந்தூர் போனோம். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். நான் ஒல்லி என்பதால் தடித்ததை எனக்குக் கொடுத்துவிட்டான். மணப்பாடு வரை பதினெட்டு கிலோமீட்டர், தூறல்தான். அதைத் தாண்டியதும் கழிமுகத்தில் வெள்ளம். என் பையையும் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு நீரில் லூர்து முன்னே போனான்.

கரையேறியபின் காற்று பிடித்தது. கடலில் ஒரு படகு இல்லை, மணலில் ஒரு ஆள் இல்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். நனைந்தும் என் சட்டைக்குள் கொஞ்சம் சூடு இருந்தது. லூர்து பல் கிட்ட நடுங்கினான். மாற்றிக்கொள்வோம் என்றேன், கேட்கவில்லை.

மூன்று மணி இருக்கும். அவன் நடுக்கம் சட்டென்று நின்றது.

“வேர்க்குலே” என்று சட்டையைக் கழற்றினான். “அங்கன ஒருத்தன் நிக்கான் பாரு. கையக் காட்டிக் கூப்பிடுதான்.”

அலைப்பக்கம் நானும் பார்த்தேன். அதுதான் தவறு. மழைத்திரைக்குள் இடுப்பளவு நீரில் ஏதோ அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. திரும்பியபோது லூர்து முழங்கால் ஆழத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் இழுத்தேன். கை மீன்போல் சில்லென்றிருந்தது. என் சட்டையைக் கழற்றிப் பிழிந்து அவனுக்கு மாட்டி, அவன் கழற்றிப்போட்டதை என் தோளில் போட்டு, அவன் இடுப்பைப் பிடித்தபடி இரண்டு கிலோமீட்டர் நடத்தினேன். கடல்பக்கம் திரும்பவே இல்லை.

பெரியதாழையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த அம்மா ஒரு கேள்வி கேட்காமல் அவனைத் துவட்டி, போர்வைகளால் சுற்றி அடுப்படியில் உட்காரவைத்தார். உடம்பில் சூடு ஏற ஏற அவனுக்கு நடுக்கம் திரும்பியது. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். மூன்று தம்ளர்.

“ரெண்டு பேர்தாம்மா” என்றேன்.

“மணல்ல மூணு பேரால்லா வந்தீய? சன்னல்ல பாத்துக்கிட்டுதான நின்னேன். அவரு எங்கன?”

லூர்து சிலுவை போட்டுக்கொண்டான். அந்த மூன்றாவது தம்ளரை யாரும் தொடவில்லை.

பிறகு வீட்டில் இரண்டையும் நனைத்துப் பிழிந்து நிறுத்தேன். நைலான் 190, அக்ரிலிக் 480. தையில் அந்தத் தடித்த சட்டையின் பாரத்தைத்தான் இருவரும் சுமந்து பொதிகை ஏறினோம். லூர்துக்கும் அதேபோல் ஒன்று தேடி வாங்கியிருந்தோம். நீங்களும் எடைக்குப் பயந்து மெல்லியதை மட்டும் நம்பாதீர்கள். காற்றைத் தடுக்க மேலே ஒன்று, பையில் நனையாமல் இன்னொன்று வேண்டும். கூட வருபவர் நடுங்கி ஓய்ந்து, வேர்க்கிறது என்று எதையாவது காட்டினால், அவர் காட்டும் பக்கம் பார்க்காதீர்கள். முதலில் அவர் கையைப் பிடியுங்கள்.