டால்பின் வந்த நேரம்

1. ஒரகடம் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை செய்யும் நாங்கள் நான்கு பெண்கள், லீவில் தெற்கே வந்து, தேரிக்காட்டுச் செம்மணலைத் தாண்டிக் கடற்கரைக்கு வருகிறோம்.
2. டால்பின் பார்க்கப் படகு ஏறுகிறோம்.
3. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நால்வரும் தூங்கிவிடுகிறோம்.

மூன்றாவதற்கு விளக்கம் தேவை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறினால், உட்கார்ந்ததும் தூங்குவது எங்கள் பழக்கம். வண்டி அதிர்ந்தால் போதும். அது கடலா ரோடா என்றெல்லாம் உடம்பு பார்ப்பதில்லை.

படகோட்டி பலகையைத் தட்டி எழுப்புகிறார். "ஏம்மா, அஞ்சாறு டால்பின் வந்து ஒங்களப் பாத்துட்டுப் போயிட்டு. நல்லா கொறட்ட விடுதீய!"

கல்பனா பதறுகிறாள். கல்யாணத்துக்கு முன் டால்பினைப் பார்த்தே தீருவேன் என்று எங்களை இழுத்து வந்தவள் அவள்தான்.

"இன்னாண்ணா, கத்தி எழுப்பக்கூடாதா?"

"கத்தத்தான் செஞ்சேன். 'ஸ்டாப் வந்துடுச்சா'ன்னு கேட்டுட்டு நீதான் மறுபடியும் படுத்த."

சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்றுக்குச் சம்மதிக்கிறார். எஞ்சின் ஓடுகிறது.

இப்போதைய நிலவரம்: கல்பனா உட்காரவே மாட்டேன் என்று கயிற்றைப் பிடித்து நிற்கிறாள். மற்ற இருவரும் தூங்கிவிட்டார்கள். தூங்காமலிருக்க நான் இதை எழுதுகிறேன். டால்பின் இன்னும் வரவில்லை.