நடுவுல விட்ட வீடு

போன வாரம் துன்ன சுண்டல் எனக்கு ரெண்டு நாளு செரிக்கலைங்க. சுண்டல் நல்லாத்தான் இருந்துச்சு. துன்ன என் மேலதான் தப்பு. சொல்றேன்... நான் மெதுவாத்தான் வருவேன்னு உங்களுக்குத் தெரியாததா?

எங்க தெருவுல ஜெபமாலை மாசம் வந்தா மாதா சுரூபம், அதான் சிலை, வீடு வீடா போவும். ஒரு சாயங்காலம் ஒரு வீடு. பாட்டு, ஜெபமாலை, முடிச்சா சுண்டல். மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கினு போவோம். நான் சாயப்பட்டறையில பட்டு நனைச்சிக்கினு இருந்த காலத்துல, கையில இருக்கிற சாயம் மாதா மேல ஒட்டிக்கப் போவுதுன்னு துண்டைச் சுத்தித் தூக்குவேன். அப்பலேர்ந்து பாக்குறேன், மாதா ஒரு வீட்டையும் தாண்டிப் போனதில்ல. குடிகாரன் வீட்டுக்குப் போவும். சண்டைக்காரன் வீட்டுக்குப் போவும். ஒருத்தன் ஜெயில்ல இருந்தான்... அவன் வீட்டுக்கும் போச்சு.

இந்த வருஷம் தாண்டிச்சு.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதர் பிரசங்கம். கருவைக் கலைக்கிறது கொலைன்னாரு. வயித்துல இருக்கிறது ஆண்டவர் குடுத்த உயிர், அதுக்கு வாய் இல்ல, அதுக்காக நாமதான் பேசணும்னாரு. நியாயமான பேச்சு. நான் முழுசா ஒத்துக்கிறேன். எல்லாரையும் எழுந்திரிக்கச் சொல்லி, கையை நீட்டி, உயிரைக் காப்போம்னு உறுதிமொழி சொல்ல வெச்சாங்க. எங்க தெரு ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி ஸ்டெல்லா டீச்சர். அவங்க குரல்தான் எல்லாத்துக்கும் மேல கேட்டுது.

செவ்வாக்கிழமை சுரூபம் லூர்து வீட்டுக்குப் போவணும். லூர்து ஸ்கூல்ல சமைக்கிற வேலை. புருஷன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. பொண்ணு ஜெனிபர், பட்டுப்புடவை ஷோரூம்ல சேல்ஸ்ல இருக்குது. அது இப்போ நாலு மாசம் முழுகாம இருக்குது. கல்யாணம் ஆவல. கட்டிக்கிறேன்னு சொன்னவன் போனை ஆஃப் பண்ணிட்டு எங்கயோ பூட்டான்.

லூர்து வாசலைக் கழுவி, ஸ்டூல் மேல வெள்ளைத் துணி விரிச்சு, முந்தானையை இழுத்துப் போத்திக்கினு நிக்குது. நாங்க பாடிக்கினே வரோம்... முன்னாடி சுரூபத்தைத் தூக்கிக்கினு போறவங்க அந்த வாசலைத் தாண்டி நேரா அடுத்த வீட்டுக்குள்ள நுழையறாங்க.

"ஏன் டீச்சர், நடுவுல ஒரு வீடு இருக்குதே?"ன்னேன்.

"தெரியும் தாத்தா. இந்த வருஷம் அங்க வேணாம்னு பேசி வெச்சிருக்கோம். வயசுப் பொண்ணுங்க பாக்குதுங்க இல்ல?"

அப்பவே நான் வாயைத் தொறந்திருக்கணுமா இல்லையா? தொறக்கலையே. நானும் உள்ள போய் உக்காந்து, ஜெபமாலை சொல்லி, சுண்டலும் துன்னேன்.

மறுநாள் காலைல பால் வாங்கப் போறேன், லூர்து எதிர்ல வருது. என்னால அது மூஞ்சியைப் பாக்க முடியல. அதுவே பேசுச்சு.

"நான் அப்பவே சொன்னேன் பெரியப்பா. கலைச்சிட்டு வந்துடலாம் வாடி, யாருக்கும் தெரியாதுன்னு. அது பாவம்மா, மாட்டேன்னு உக்காந்துக்கினா. இப்போ பாத்தியா? கலைச்சிட்டு வந்திருந்தா மாதா வந்திருப்பாங்க. வெச்சிருக்கா... அதான் வரல. வெள்ளிக்கிழமை கூட்டிக்கினு போறேன். அவளும் சரின்னுட்டா."

இது எந்த ஊரு நியாயம்? பாதர் சொன்னதை நாங்கல்லாம் வாயால சொன்னோம். எங்க தெருவுல நெசமா செஞ்சவ அவ ஒருத்திதான். அவளைத்தான் தாண்டிப் போறோம். கலைக்கிறவங்க கையில மட்டும்தான் அந்த ரத்தம் ஒட்டுமா? போய்க் கலைச்சிக்கோன்னு சொல்லாம சொன்னவன் கையில ஒட்டாதா?

பட்டறையில என்கூட ஒரு பொண்ணு வேலை செஞ்சிது. ஐயம்பேட்டைலேர்ந்து நடந்தே வரும். பேரு வேணாம். அதுக்கும் இதே கதி. அதுகூட உக்காந்து யாரும் துன்னல. நானும் என் தூக்குச்சட்டியை எடுத்துக்கினு தள்ளிப் போய் உக்காந்தேன். ஒரே வாரம்... எதையோ வாங்கிக் குடிச்சிட்டுது. ரெண்டு உயிரு. சாவுக்கு மட்டும் எல்லாரும் மாலையோட போனோம்.

லூர்து பேசின அன்னிக்கே சாயங்காலம், சுரூபம் இருந்த வீட்டுக்கு எல்லாருக்கும் முன்னாடி போய், சுரூபத்தைத் தூக்கி மார்ல அணைச்சிக்கினேன்.

டீச்சர் வாசல்லயே மறிச்சாங்க. "தாத்தா, முறைன்னு ஒண்ணு இருக்குது."

"முறைதான் டீச்சர். விட்ட வீட்டுக்குப் போறேன்."

"நாமளே தப்புக்குத் துணை போன மாதிரி ஆவும். நான் பாதர்கிட்ட சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க. அவரு சொன்னதைத்தான் செய்யறேன். ஏன் டீச்சர், மாதா வயித்துல புள்ள இருந்தப்ப ஊர்ல இன்னா பேசியிருப்பாங்க? அன்னிக்கு நீங்க லிஸ்ட் போட்டிருந்தா அவங்க வீடும் விட்டுப்போயிருக்கும்."

யாரும் பாடல. நான் பாட்டுக்கு நடந்தேன். லூர்து வீட்டுல சுரூபத்தை வெச்சிட்டுத் திரும்பினா, ஏழு பேரு வந்திருக்காங்க. டீச்சர் வரல.

ஜெனிபர் சமையக்கட்டுலேர்ந்து வெளிய வரவே இல்ல. வந்தவங்கள்ல எதிர்வீட்டு அந்தோணி சம்சாரம் எழுந்து உள்ள போச்சு. "வாந்தி நின்னுச்சாடி? சோறு எறங்குதா?"ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். அந்தப் பொண்ணு அழுத அழுகை இருக்குதே... நாலு மாசத்துல அப்படிக் கேட்ட மொத ஆளு அந்தம்மாதானாம்.

வெள்ளிக்கிழமை லூர்து பொண்ணைக் கூட்டிக்கினுதான் போச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு, கர்ப்பிணி அட்டை போட. அந்தோணி சம்சாரமும் ஆட்டோவுல கூடவே ஏறிக்கினுச்சு.

உயிரைக் காப்பாத்துறது பெரிய தத்துவம் இல்லைங்க. அந்த உயிரு இருக்கிற வீட்டுக்குப் போவணும். உக்காரணும். சாப்ட்டியான்னு கேக்கணும். அதுக்குத் துப்பில்லாம கொலை, கொலைன்னு கூவுறதுக்கு நமக்கு இன்னா யோக்கியதை?

நேத்து ஜெனிபர் வந்துச்சு. கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்னுது. எழுபத்தெட்டு வயசு கெழவனை ஏம்மா கேக்குறன்னேன். "வேற யாரு தாத்தா வருவாங்க?"ன்னு கேட்டுச்சு.

நிக்கிறேன்னுட்டேன். நிக்க முடியலன்னா, ஒரு சேரைப் போட்டுக்கினு உக்காந்துக்கிறேன்.