சவ வண்டியில் ஒரு கிழட்டு லேப்டாப்

லெய்ட்டே தீவில் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் பாட்டில்லாமல் கல்லறைக்குப் போவதில்லை. செத்தவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டபடி சவ வண்டி ஊர்ந்து போகும். சனம் பின்னால் நடக்கும். பாட்டுப் போடுகிறவன் க்ரிஸ்புலோ. முன்பு மீன் விற்கப் போய், பாதி மீனைப் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். இந்த வேலையில் மட்டும் ஆள் கில்லாடி. "எனக்கு அழுகைப் பாட்டு போட்டே, எழுந்து வந்து அறைவேன்" என்று உயிரோடிருக்கும்போதே சந்தையில் வழிமறித்துச் சொல்லிவைப்பார்கள். அத்தனை பேர் பாட்டும் அவனுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது.

அதன் பேட்டரிதான் கைவிட்டுவிட்டது. பாதிப் பாட்டுகூடத் தாங்காது. போன வாரம் ஊர்வலம் நடுவில் பொசுக்கென்று அணைந்துபோக, துக்க வீட்டார் முறைத்த முறைப்பில் இவனே குழிக்குள் இறங்கிப் படுத்திருப்பான்.

"போன்ல போடேன்டா," என்றார் வண்டி ஓட்டும் லோயோ.

"என் போன்ல பட்டன்தான் நோங் இருக்கு. பாட்டு எங்க இருக்கு?" மூத்தவர்களில் ஆணை நோங் என்றும் பெண்ணை நாங் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

இந்த நேரம் பார்த்து நோங் இனோய் காலமானார். ஊர்த் திருவிழாவில் கடைசி ஆள் போகும்வரை ஆடுகிற மனுஷன். அவர் மனைவி நாங் பசிலிசா அழவில்லை. சவப்பெட்டி பக்கத்திலேயே மரம்போல உட்கார்ந்திருந்தார். க்ரிஸ்புலோவைப் பார்த்ததும்தான் வாய் திறந்தார்.

"அவரோட டான்ஸ் பாட்டு. வீட்டு வாசல்ல ஆரம்பிச்சா குழிவரைக்கும் நிக்கக் கூடாது. பூசை நேரத்துல சத்தத்தக் குறை, நிறுத்தாத. பாட்டு நின்னா அவரு ஆட்டத்த விட்டுட்டு அடுத்தவ யாருன்னு பார்ப்பாரு. தெரியும்ல?"

"நிக்காது நாங்," என்று சொல்லிவிட்டான். வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது, மாட்டிக்கொண்டது அவன்.

புதுப் பேட்டரி தேடி டக்ளோபான் நகரம்வரை போனான். அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். கடைக்காரன் பழைய பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தான். அது பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி உப்பியிருந்தது. வேண்டாம் சாமி என்று வந்துவிட்டான். சூரியத் தகடு ஒன்றை இரவல் வாங்கி வண்டிக் கூரையில் கட்டிப் பார்த்தான். கட்டிய மறுநிமிஷம் மழை. கடைசியில், சவ வண்டியின் பேட்டரியிலேயே இன்வெர்ட்டரைக் கவ்வவிட்டு லேப்டாப்பைச் செருகினான். ஜம்மென்று ஓடியது. லோயோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை.

ஒன்றை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. சவ வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் பேட்டரியில் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். போதாததற்கு, பாதிரியாருக்குப் புகை ஆகாது என்று லோயோ சர்ச் வாசலில் எஞ்சினை வேறு அணைத்துவிட்டார். பூசை முடியும்வரை பாட்டு மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். லோயோ சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி திருப்பினார். டிக். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. பாட்டு நிற்கவில்லை; லேப்டாப் தன் கிழட்டுப் பேட்டரியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. ஸ்பீக்கருக்குச் சொந்தப் பேட்டரி இருந்தது.

"தள்ளுங்க! சீக்கிரம் தள்ளுங்க!" என்று முன்சீட்டிலிருந்து அலறினான் க்ரிஸ்புலோ.

வண்டிக்குப் பின்னால் நல்ல சரிவு. ரிவர்சில் விட்டால் தானே கிளம்பிவிடும்.

"பொணம் பின்னால போகக் கூடாதுடா பாவி!" என்று கத்தினார் இனோயின் அக்கா. "வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாருன்னா நீயா சோறு போடுவ?"

ஆகவே முன்பக்கமாக, மேட்டில். கறுப்பு உடுப்போடு மச்சான்மார் தோள் கொடுத்தார்கள். நாங் பசிலிசாவும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைவைத்தார். திரையின் ஓரத்தில் பேட்டரிப் படம் சிவந்து துடித்தது.

லோயோ கிளட்சை விட்டார். வண்டி தும்மியது, குதித்தது, பிய்த்துக்கொண்டு ஓடியது. இன்வெர்ட்டருக்கும் உயிர் வந்தது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்று லோயோ மிதித்த மிதியில் பூமாலைகள் பறந்தன. குதித்த குதியில் சீட்டுக்கடியில் இன்வெர்ட்டரின் கிளிப் கழன்றது. க்ரிஸ்புலோ குனிந்து அதைப் பேட்டரியோடு விரலால் அழுத்திப் பிடித்தான். கிளிப் தோசைக்கல்லாகக் கொதித்தது. அவன் விடவில்லை. ஆட்டப் பாட்டு முழங்க, நோங் இனோய் ஊரைக் கடந்து பறந்தார். பின்னால் மொத்தத் துக்கமும் ஓடி வந்தது.

கல்லறை வாசலில் வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே. நாங் பசிலிசா வெறுங்காலோடு இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். திட்டப்போகிறார் என்று க்ரிஸ்புலோ தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

"எப்பவும் இப்படித்தான்," என்றார். "என்னை விட்டுட்டு முன்னாடி ஓடிடுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

பாட்டுக்கு நடுவே கத்திக் கத்தி ஜெபம் சொன்னார் பாதிரியார். பெட்டி இறங்கியது. கடைசி மண் விழுந்த பிறகு நாங் பசிலிசா வண்டிப் பக்கம் வந்தார். க்ரிஸ்புலோ இன்னும் குனிந்தபடிதான் இருந்தான். விரல் நுனி கொப்பளித்திருந்தது.

"போதும், விடு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

அவன் விரலை எடுத்தான். லேப்டாப்பின் கிழட்டுப் பேட்டரியில் மிச்சம் ஏதுமில்லை; பாட்டு நின்றது. நாங் பசிலிசா அந்தக் கையை இழுத்துப் பிடித்து ஊதினார்.

"எரியுதா?"

"சேச்சே, இல்ல நாங்," என்றான், கண்ணில் தண்ணீரோடு.

"பொய் சொல்லாதடா," என்று மறுபடி ஊதினார்.